கதையை முதலில் கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மன அதிர்ச்சியிலிருந்து மீள்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நடுவே கட்டம் கட்டி, "நடந்ததை ஒன்றுவிடாமல் யாரிடமாவது கொட்டிவிடுங்கள், பாதி குணம் அப்போதே கிடைத்துவிடும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். கட்டுரையை முழுதாகப் படிக்காதவர்கள்கூட அந்தக் கட்டத்தைப் படித்திருப்பார்கள். வீட்டில் ஒருவர் பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருக்க, அவரைச் சுற்றி நின்றுகொண்டு "சொல்லு, சொல்லிவிடு" என்று நச்சரிக்க இனி அச்சிட்ட ஆதாரமும் இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். எங்கள் தொழிலில் பணிக்காலம் முழுவதும் தண்டவாளத்தில் ஓர் உயிர் போவதைப் பார்க்காமல் வீடு திரும்பியவர் அதிர்ஷ்டசாலி. எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஒரு விடியற்காலையில், வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில், ஒருவர் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தார். இவ்வளவு போதும். மீதியை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்று மாலையே எங்களை ஓர் அறையில் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். பாரம் இறங்கும் என்றார்கள். என் உதவி ஓட்டுநர் இருபதுகளில் இருந்த பையன். அவன் பார்க்காத பக்கத்தை நான் பார்த்திருந்தேன். நான் சொல்லக் கேட்ட பிறகு, அதையும் சேர்த்து அவன் கனவில் காணத் தொடங்கினான். எனக்குத் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். சில மாதங்கள் கழித்து ஓர் ஆலோசகரிடம் போனேன். முதல் சந்திப்பிலேயே, "கண்களை மூடிக்கொள்ளுங்கள், அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போங்கள்" என்றார். போனேன். திரும்பி வரும் வழியை அவர் சொல்லித்தரவில்லை. அந்த அறையிலிருந்து நடுங்கிக்கொண்டே வெளியே வந்தவன், அதன் பிறகு பல ஆண்டுகள் எந்த ஆலோசகரின் வாசலையும் மிதிக்கவில்லை.

இவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். கொட்டினால் குணமாகும் என்று தங்கள் கட்டுரையாளரைப் போலவே நம்பியவர்கள். ஆனால் அந்த நம்பிக்கை சோதித்துப் பார்க்கப்பட்டது, தேறவில்லை. ஒரு விபத்து நடந்த சூட்டோடு எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைக்கும் முறையை வழக்கமாக்கக் கூடாது என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2005இலேயே சொன்னது. 2018இல் இன்னும் கறாராகச் சொன்னது. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் தூக்கத்துக்காகவோ படபடப்புக்காகவோ பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியது. இன்னொன்றும் அந்த நிறுவனத்தின் கணக்குதான்: வாழ்நாளில் மனத்தை அதிரவைக்கும் ஒரு நிகழ்வைச் சந்திப்பவர்கள் உலகில் சுமார் 70 சதவீதம் பேர், அவர்களில் பி.டி.எஸ்.டி. என்னும், அதிர்ச்சி ஆறாமல் தொடரும் நோய் வரைக்கும் போகிறவர்கள் 5.6 சதவீதம். பெரும்பாலானவர்களை நாளும் தூக்கமும் சொந்தபந்தமும் தேற்றிவிடுகின்றன. அவர்களை யாரும் தோண்டித் துருவ வேண்டியதில்லை.

இதெல்லாம் ஒரு ரயில் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எந்த வண்டியையும் நான் எடுத்ததில்லை. என் மண்டைக்குள் கைவைக்கப்போகிறவரை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவேனா?

ஓய்வுபெற்ற பிறகு மனைவியின் பிடிவாதத்தால்தான் மறுபடியும் ஒருவரிடம் போனேன். என் மகள் வயதுள்ள பெண். தன்னை ஒருங்கிணைந்த உளசிகிச்சையாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அப்படியென்றால் என்ன என்று முதல் கேள்வியாகக் கேட்டேன். உளசிகிச்சையில் பல மரபுகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிற எல்லோரையும் அதற்குள் அடைப்பதற்குப் பதிலாக, எதிரே இருப்பவருக்கு இன்று எது தேவையோ அதை எடுப்பதாகச் சொன்னார். "அப்படியானால் கதம்பமா?" என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "எதை எடுத்தாலும் ஏன் எடுத்தேன் என்று என்னால் உங்களுக்குச் சொல்ல முடிய வேண்டும் சார். முடியவில்லை என்றால் அது கதம்பம்தான்" என்றார். அந்தப் பதிலுக்காகவே இரண்டாவது முறையும் போனேன்.

முதல் நாள் எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்டார். கதவுக்குப் பக்கத்தில், முதுகுக்குச் சுவர் இருப்பதை எடுத்துக்கொண்டேன். தன் நாற்காலியைக் கதவுக்கும் எனக்கும் இடையில் வராதபடி நகர்த்திப் போட்டுக்கொண்டார். தூக்கம் எப்படி, எந்தச் சத்தம் தூக்கிப்போடுகிறது, அப்போது வீட்டில் என்ன செய்கிறார்கள், பகலில் எந்த நேரம் கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய அனுபவத்தில், இவரும் கேட்கத்தான் போகிறார், நாமே முடித்துவிடுவோம் என்று, "அன்று காலை..." என்று தொடங்கினேன். கையை லேசாக உயர்த்தினார்.

"அதைக் கேட்கத்தான் இருக்கிறேன் சார். இன்றைக்கு வேண்டாம். இப்போது உங்கள் கை என்ன செய்கிறது, பாருங்கள்."

பார்த்தேன். என் கை நாற்காலியின் பிடியை, முட்டி வெளுக்கும் அளவுக்கு, முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே இல்லாத பிரேக் பிடியைப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை ஆண்டுகளும் அந்தக் கை அதைத்தான் செய்துவந்திருக்கிறது. யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அடுத்து வந்த வாரங்களில் நாங்கள் செய்ததை வெளியிலிருந்து பார்ப்பவர் வெட்டிவேலை என்பார். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, தரை என்னைத் தாங்குவதைக் கவனிக்க வேண்டும். அறைக்குள் கேட்கும் சத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்ட வேண்டும். ஒரு தாளில் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினார். மேல் கோட்டுக்கு மேலே போனால் படபடப்பு, கோபம், ஓட்டம். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் மரத்துப்போதல். இரண்டுக்கும் இடையில் இருக்கும்போதுதான் மனம் எதையும் செரிக்கும். டேனியல் சீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1999இல் இந்த இடைவெளிக்கு 'தாங்குதிறன் சாளரம்' என்று பெயர் வைத்தார் என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. பிரேக் குழாயின் காற்றழுத்தமானியும் அப்படித்தான்: முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டோம்.

முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைவும் துக்கமும், அதன் பிறகு வாழ்க்கையோடு மறுபடியும் சேர்வது என்று மூன்று கட்டமாக இதை வகுத்தவர் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர், 1992இல். அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சில் பியர் ஷானே ஏறக்குறைய இதே வரிசையில் வேலை செய்திருக்கிறார். பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். பெயர் வருவதற்கு முன்பே கைப்பக்குவம் வந்துவிட்டது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. பழைய தொழிலாளிக்கு அப்படித்தான் தோன்றும்.

சத்தத்துக்கு வேறு வழி. ஹாரன் ஒலியைப் பதிவு செய்து, காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் ஓடவிட்டார். பொத்தான் என் கையில். கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் நான்தான். 1950களில் ஜோசப் வோல்பே வகுத்த படிப்படியான பழக்கமுறையின் வழிவந்தது இது என்று சொன்னார். பொத்தானை என்னிடம் கொடுத்ததுதான் இதில் சூட்சுமம் என்பது என் எண்ணம். அந்த விடியற்காலையில் என் கையில் இல்லாமல் போனது அதுதானே.

இனி, நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதி. "நான்தான் கொன்றேன்" என்பது என் தொண்டையில் சிக்கிய முள். விசாரணை முடிந்து என்மேல் பிழையில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். மனைவி சொன்னார், நண்பர்கள் சொன்னார்கள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. இந்தப் பெண் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் எழுதும் அட்டையை என் பக்கம் தள்ளி, "நான் புதிதாகச் சேர்ந்த பயிற்சி ஓட்டுநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எப்படி நிற்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

பாடம் எடுப்பதென்றால் எனக்குக் கசக்குமா? எழுதிக் காட்டினேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். 300 மீட்டர் முன்னால் ஓர் ஆள் தெரிந்தால் கையில் இருப்பது பதினோரு நொடிகூட இல்லை. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் ஓடுகிறது, பிடிப்பு குறைவு. பயணிகள் வண்டியை அவசர பிரேக் போட்டு நிறுத்தினாலும் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டரை நெருங்கும் தூரம் வேண்டும். அவர் வேண்டுமென்றே மண்டுக் கேள்வியாகக் கேட்டார்: "பிரேக்கை இன்னும் பலமாகப் போட்டால்?" எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பலமாக அழுத்துவதற்கு அது சைக்கிள் பிரேக் இல்லை அம்மா. அவசர நிலைக்குப் போட்டதும் குழாயில் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறிவிடும். அதற்கு மேல் ஓட்டுநர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை" என்றேன்.

"கடைசி வாக்கியத்தை அந்தத் தாளில் எழுதுங்கள் சார்" என்றார். எழுதினேன். வாசிக்கச் சொன்னார். வாசிக்க முடியவில்லை, வெகு நேரம். அந்தக் கணக்கை எத்தனையோ பயிற்சி ஓட்டுநர்களுக்கு நானே போட்டுக் காட்டியிருக்கிறேன். என் விஷயத்தில் மட்டும் அது செல்லாது என்று வைத்திருந்தேன். சிக்கிக்கொண்ட நினைப்பை இப்படி அவரவர் வாயாலேயே சோதிக்கவைக்கும் முறையை பெட்ரீஷியா ரெசிக் என்பவர் அமெரிக்காவில் வளர்த்தெடுத்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் எந்தப் புத்தகத்திலும் பிரேக் கணக்கு இருந்திருக்காது. அதை என் தொழிலிலிருந்து எடுத்தது இந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம்.

இத்தனைக்கும் பிறகுதான் கதையைச் சொன்னேன். அதுவும் ஒரே மூச்சில் அல்ல. இ.எம்.டி.ஆர். என்று ஒரு முறை இருக்கிறது. ஃபிரான்சீன் ஷாபிரோ 1980களின் கடைசியில் வகுத்தது. நினைவின் ஒரு துண்டை மனத்தில் வைத்துக்கொண்டு, சிகிச்சையாளர் இடமும் வலமுமாக அசைக்கும் விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும். சற்று நேரம் கழித்து நிறுத்தி, "இப்போது என்ன வருகிறது?" என்று மட்டும் கேட்பார். எவ்வளவு வேதனை என்பதை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். கண்ணசைவுதான் வேலை செய்கிறதா, நினைவைப் பாதுகாப்பாகத் தொட்டுத்தொட்டு மீள்வதுதான் வேலை செய்கிறதா என்று ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம் இருக்கிறது. அதை அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். முறை பலன் தருகிறது என்பதில் வாக்குவாதம் அவ்வளவாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலிலும் அதற்கு இடம் உண்டு.

என் நினைவில் அந்த எஞ்சின் அறையில் எப்போதும் நான் தனியாகவே இருப்பேன். ஒரு நாள் விரல்கள் நின்றபோது, என் தோளில் ஒரு கை இருப்பது தெரிந்தது. உதவி ஓட்டுநர் பையன். "போட்டுவிட்டீர்கள் அண்ணே, பிரேக் போட்டுவிட்டீர்கள்" என்று கத்திக்கொண்டிருந்தான். சிகிச்சை அறையில் புதிதாக வரும் நினைவையெல்லாம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மனம் இட்டுக்கட்டுவதும் உண்டு என்று அந்தப் பெண் எச்சரித்தார். நான் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "ஆமாம் அண்ணே, நீங்கள் பிரேக் பிடியை விடவே இல்லை, நான்தான் விரல்களைப் பிரித்தெடுத்தேன்" என்றான். இரண்டு பேரும் அதற்குப் பிறகு வேறு விஷயங்களும் பேசினோம். அது எங்களோடு இருக்கட்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எது உடைந்தாலும் என் முகத்தைப் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். பழியை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் தண்டவாளத்துக்கு முன்பே தொடங்கியது என்பதை ஒரு சில சந்திப்புகளில் பேசினோம். மனைவியையும் ஒருமுறை வரச்சொன்னார். கனவில் நான் அலறும்போது தோளைப் பிடித்து உலுக்குவது அவர் வழக்கம். இப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது இதனால்தான். மாத்திரை விஷயத்தில் சிகிச்சையாளர் தானாக எதுவும் சொல்லாமல் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். பழைய தூக்க மாத்திரையை அந்த மருத்துவரின் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். யோகா செய்யலாமா என்று சிகிச்சையாளரிடம் கேட்டதற்கு, 2014இல் 64 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது, ஆனால் அது சின்ன ஆய்வு, துணையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எதற்கு ஆதாரம் கெட்டி, எதற்கு மெலிவு என்று தரம் பிரித்துச் சொல்லும் இந்த நேர்மையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

தங்கள் கட்டுரையாளர் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சொல்வதால் பயனில்லை என்பது என் கட்சி அல்ல. எட்னா ஃபோவா வகுத்த சிகிச்சையில் நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதே மருந்து. பலருக்கு அது நன்றாக வேலை செய்திருக்கிறது. அங்கேயும் அளவும் வரிசையும் உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருப்பார். இன்னொரு பக்கம், ஆயத்தம் ஆயத்தம் என்றே காலத்தைக் கடத்தினால் வேண்டிய சிகிச்சை தள்ளிப்போகிறது என்று ஆட் டி யோங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். அதுவும் சரிதான். மூச்சுப் பயிற்சியிலேயே ஆண்டுக்கணக்கில் உட்காரவைக்கும் சிகிச்சையாளர் என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு ரொம்பவும் இதமாக இருப்பார். முள் உள்ளேயே இருக்கும். எப்போது பொறுப்பது, எப்போது தொடுவது என்பதை ஆளைப் பார்த்துத் தீர்மானிக்கத்தான் அந்தப் படிப்பும் பயிற்சியும்.

ஒருங்கிணைந்த சிகிச்சை என்று பலகை மாட்டியிருப்பவர் எல்லோரும் இப்படி இருப்பார்கள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். எல்லாமும் தெரியும் என்பவரிடம் ஒன்றும் ஆழமாக இல்லாமல் போகலாம். வாசகர்கள் நேராகக் கேட்கட்டும்: எந்தெந்த முறையில் முறைப்படி பயிற்சி பெற்றீர்கள்? எனக்கு இதை ஏன் இப்போது செய்கிறீர்கள்? நடுவில் எனக்குத் தாங்கவில்லை என்றால் எப்படி நிறுத்துவோம்? உங்கள் வேலையை மேற்பார்வையிடும் மூத்தவர் யாராவது உண்டா? முகம் சுளிப்பவரிடம் இரண்டாவது முறை போக வேண்டியதில்லை. சிகிச்சை பலிப்பதற்கு, குறிக்கோளிலும் அதற்கான வேலையிலும் இருவருக்கும் உடன்பாடும், அவர்களுக்குள் ஒட்டுதலும் வேண்டும் என்று எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதினார். கேள்வி கேட்டால் ஒட்டுதல் அறுந்துபோகும் என்றால், முதலிலேயே அங்கே ஒன்றும் ஒட்டவில்லை.

என் நிலைமை? ஹாரன் கேட்டால் இன்னும் கை இறுகுகிறது, பிறகு தளர்கிறது. ரயிலில் பயணியாக உட்கார்ந்து போகிறேன், ஜன்னலோரம் கேட்டு வாங்கி.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதே அளவில், அதே கொட்டை எழுத்தில். அடுத்தது, விபத்து நடந்த மறுநாள் ஓட்டுநரின் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்த நொடியில் உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேட்கும் நிருபர்களைப் பற்றியது. எனக்கு அப்படி அழைப்பு வந்தது. எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று தங்கள் அலுவலகத்திலாவது எழுத்தில் ஓர் உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர்
(பெயர் வேண்டாம்)